காட்டு முயல் குட்டியை வீட்டு முயல்களோடு வளர்க்கலாமா? வயலில் குட்டி கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடலைக்காட்டில் செடி பறிக்கும்போதோ, சோளத்தட்டு அறுக்கும்போதோ, வரப்போரப் புல்லுக்குள்ளோ உள்ளங்கை அளவில் ஒரு முயல் குட்டி உட்கார்ந்திருக்கும். தாயைக் காணோம். நாய் தூக்கிவிடும் என்று பயந்து யாராவது துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் வளர்க்கிற வெள்ளை முயல்கள் கூண்டில் இருக்கும். "அதுவும் முயல், இதுவும் முயல், ஒண்ணா வளரட்டும்" என்று குட்டியையும் உள்ளே விட்டுவிடுவார்கள்.

செய்பவர்களுக்கு நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படிக் கொண்டுவரப்படும் குட்டிகளில் பல, சில நாட்களிலேயே செத்துப்போகின்றன. பிழைப்பவையும் கூண்டுக்குள் நிம்மதியாக இருப்பதில்லை. காரணம் ரொம்ப எளிது. நாம் இரண்டையும் 'முயல்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும், அவை இரண்டும் ஒரே விலங்கு இல்லை.

பெயர் ஒன்று, விலங்கு இரண்டு

ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. வீட்டில் வளர்ப்பது 'ராபிட்'. நம் காடு கழனிகளில் ஓடுவது 'ஹேர்'. தமிழில் இரண்டுக்கும் பேச்சு வழக்கில் ஒரே சொல்தான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உலகில் எங்கே வளர்க்கப்படும் வீட்டு முயலாக இருந்தாலும், அது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழிவந்தது. நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் என்று பண்ணைகளில் சொல்கிற எல்லா ரகமும் அந்த ஒரே இனத்துக்குள் வருபவை. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் முயல்களும் இதே இனம்தான்.

தமிழ்நாட்டில் காட்டிலும் வயலிலும் வாழும் முயல் இனம் ஒன்றே ஒன்று. பிடரியில் கருப்புத் திட்டு, வாலின் மேல்பக்கம் கருப்பு, நீளமான பின்னங்கால், நீளமான காது. 'லெபஸ் நைக்ரிகாலிஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். இலங்கையில் இருப்பதும் இதே இனம்தான். இது வளை தோண்டாது. புல்லையோ புதரையோ உடம்பால் அழுத்திச் சின்னப் பள்ளம் மாதிரி ஆக்கி, பகலெல்லாம் அதற்குள் அசையாமல் படுத்திருக்கும். பெரும்பாலும் தனியாகவே வாழும்.

இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று ஒரு கணக்கைப் பார்த்தாலே தெரியும். வீட்டு முயலின் செல்லில் 44 குரோமோசோம்கள். ஹேர் இனங்களில் 48. வீட்டு முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். பெரும்பாலான ஹேர் இனங்களில் அது நாற்பது நாளைத் தாண்டும். அதனால்தான் வீட்டு முயல் குட்டி ரோமமே இல்லாமல், கண் திறக்காமல், செக்கச்செவேலென்று பிறக்கிறது. கண் திறக்கவே பத்து நாள் ஆகும். காட்டு முயல் குட்டியோ பிறக்கும்போதே முழு ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நகரவும் ஆரம்பித்துவிடும்.

சந்தையில் 'கிராஸ் முயல்', 'காட்டு முயலும் வீட்டு முயலும் சேர்ந்த ரகம்' என்று சொல்லி விற்கிறார்களே, அது? அப்படி ஒரு ரகம் கிடையாது. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. சாம்பலும் பழுப்புமாக இருக்கும் வீட்டு முயலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெயரை வைத்து ஏமாறுவது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 'பெல்ஜியன் ஹேர்' என்று ஒரு பிரபலமான ரகம் இருக்கிறது. பெயரில்தான் ஹேர், உண்மையில் அது வீட்டு முயல். அமெரிக்காவின் 'ஜாக்ராபிட்' பெயரில் ராபிட், உண்மையில் ஹேர்.

அப்போ யூடியூபில் சேர்த்து வளர்க்கிறார்களே?

இங்கிலாந்திலோ ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலோ எடுத்த வீடியோக்களில் காட்டில் கிடைத்த முயல் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, வீட்டு முயலோடு பழக்குவதைக் காட்டுவார்கள். அங்கே அது ஓரளவு நடக்கக்கூடியது. ஏனென்றால் அந்த ஊர்க் காட்டில் இருப்பது வீட்டு முயலின் மூதாதை இனமே. இரண்டும் ஒரே இனம், இரண்டுக்கும் கூட்டமாக வாழும் குணம், இரண்டும் சேர்ந்தால் குட்டியும் பிறக்கும். அங்கேயும்கூட, காட்டில் பிறந்த முயல் வளர்ந்த பிறகு மிரண்டு கூண்டுக் கம்பியில் மோதிக்கொள்வது உண்டு என்பதால், விலங்கு மீட்பு அமைப்புகள் அதை மறுபடி காட்டில் விடுவதையே விரும்புகின்றன.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கடலைக்காட்டில் கிடைத்த குட்டியிடம் முயற்சி செய்தால், கதையே வேறு. அது வேறு இனம்.

குட்டி தனியாக இருந்தால் அனாதை என்று அர்த்தமா?

இதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான கேள்வி. பெரும்பாலும் அனாதை இல்லை.

ஹேர் இனத்துத் தாய் பகலில் குட்டியின் பக்கத்திலேயே இருக்காது. தாயின் உடல் வாசனைக்கு நரியும் நாயும் வந்துவிடும். குட்டிக்கு அவ்வளவு வாசனை கிடையாது. அதனால் குட்டியைப் புல்லில் விட்டுவிட்டுத் தாய் தள்ளிப் போய்விடும். நன்றாக ஆராயப்பட்ட ஐரோப்பிய ஹேர் முயலில், பிறந்த சில நாளிலேயே குட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்ததும் பிறந்த இடத்தில் மறுபடி கூடுகின்றன. தாய் வருகிறது, சில நிமிடம் பால் கொடுக்கிறது, போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பால் பெரும்பாலும் அந்த ஒரு முறைதான்.

ஆக, பகல் பதினோரு மணிக்கு வயலில் ஒற்றைக் குட்டி அசையாமல் இருப்பது அதன் இயல்பான வாழ்க்கை. தாயைக் காணோம் என்று நாம் தூக்கிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், தாய் அங்கே வந்து தேடிப்பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும்.

தொட்டுவிட்டால் மனித வாசனைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்ற பேச்சும் உண்டு. அதை நம்பி, "தொட்டாச்சு, இனி திரும்ப விட்டுப் பயனில்லை" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ஒருமுறை கை பட்டதற்காகத் தாய் குட்டியைக் கைவிட்டுவிடும் என்று பயந்து திரும்ப விடாமல் இருக்க வேண்டியதில்லை. எடுத்த அன்றே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் குட்டிக்கு இருக்கிற நல்ல வாய்ப்பு.

எப்படி விடுவது? எடுத்த இடம் அறுவடை ஆகி வெட்டவெளியாக இருந்தால், பக்கத்திலேயே வரப்போரப் புதரோ புல்லோ நிழலாக இருக்கும் இடத்தில் வையுங்கள். வெறுங்கையால் பிடிக்காமல் ஒரு பிடி புல்லோடு சேர்த்துத் தூக்குங்கள். வேலை நடக்கிற வயல் என்றால் மெஷின் அந்தப் பக்கம் வராமல் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்கலாம். நாயைக் கட்டிப்போடுங்கள். அப்புறம் அங்கிருந்து போய்விடுங்கள். "தாய் வருதா பார்ப்போம்" என்று பத்துப் பேர் டார்ச்சோடு நின்றால் தாய் வராது.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

முதல் சிக்கல் பால். குட்டியைக் கொண்டு வந்ததும் எல்லா வீட்டிலும் நடப்பது, பசும்பாலைச் சூடாக்கி இங்க் ஃபில்லரில் ஊற்றுவது. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம். முயல் பாலில் அது மூன்று மடங்குக்கும் மேல். புரதமும் அப்படியே அதிகம், பால் சர்க்கரை குறைவு. ஹேர் பால் இன்னும் கெட்டி. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு உப்பும், கழிச்சல் போகும், இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். பசியைவிட நாம் கொடுக்கும் பாலே சீக்கிரம் கொல்லும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடக்கிறது.

சரி, வீட்டு முயலில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, அதனிடம் விட்டுவிடலாமே? பண்ணைகளில் ஒரு தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் அது ஒரே வயதுக் குட்டிகளை, பிறந்த முதல் சில நாட்களுக்குள், கூட்டின் ரோமத்தில் புரட்டி வாசனையை மாற்றிச் செய்வது. ரோமத்தோடு கண் திறந்து நடமாடும் காட்டு முயல் குட்டியைத் தாய் முயல் தன் குட்டியாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அன்னியக் குட்டியைக் கடித்துக் குதறிய தாய் முயல்களைப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குட்டி எப்படியோ பிழைத்து வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த சிக்கல் குணம். வீட்டு முயல்கள் கூட்டத்தில் யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டு முடிவு செய்யும். ஒன்று துரத்தும், ஒன்று வளைக்குள் ஓடும், சண்டை முடியும். காட்டு முயலுக்கு வளை கிடையாது. அதன் தற்காப்பு இரண்டே இரண்டு. முதலில் உறைந்து உட்காருவது. முடியாவிட்டால் வெடித்த மாதிரி எழுந்து திறந்தவெளியில் ஓடுவது. இரண்டடிக் கூண்டில் அது எங்கே ஓடும்? கம்பியில் மோதும். மூக்கு கிழியும், காலோ முதுகெலும்போ உடையும். காயமே இல்லாவிட்டாலும் அளவுக்கு மீறிய பயமே தசையையும் இதயத்தையும் பாதித்து உயிரை எடுத்துவிடக்கூடும். காட்டு விலங்குகளைப் பிடித்துக் கையாளும்போது இப்படி நடப்பது கால்நடை மருத்துவத்தில் தெரிந்த விஷயம்.

இங்கே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று இருக்கிறது. "ரொம்ப சாதுங்க, மடியில வச்சா அசையாம உட்காந்திருக்கும்" என்பார்கள். அது சாதுத்தனம் இல்லை. பருந்து தலைக்கு மேல் வட்டமிடும்போது அது எப்படி உட்காருமோ, அப்படித்தான் உங்கள் மடியிலும் உட்கார்ந்திருக்கிறது.

ஆண் வீட்டு முயல், பெண் காட்டு முயல் மீது ஏற முயற்சிக்கும். குட்டி பிறக்காது, காயம்தான் மிச்சம். இன்னொரு பக்கமும் தொல்லை உண்டு. வீட்டு முயலுக்கு இணை சேரும் தூண்டலால்தான் கருமுட்டையே வெளிவரும். வேறு விலங்கு மேலே ஏறினால்கூட அந்தத் தூண்டல் கிடைத்து, பெண் முயல் சினை இல்லாமலேயே சினை பிடித்ததுபோல் இரண்டு வாரத்துக்கு மேல் ரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டிக்கொண்டு திரியும். பண்ணை வைத்திருப்பவருக்கு இது நஷ்டக் கணக்கு.

தீவனமும் ஒத்துவராது. வீட்டு முயல் அடர்தீவனக் குச்சியும் முயல் மசாலும் வேலி மசாலும் தின்று கூண்டிலேயே கொழுக்கப் பழகியது. காட்டு முயல் ராத்திரியெல்லாம் சுற்றி, பல வகைப் புல்லையும் கொழுந்தையும் பட்டையையும் கொறித்து வாழ்வது.

நோய் யாரிடமிருந்து யாருக்கு?

இரண்டு பக்கமும் போகும். வீட்டு முயல் வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிப்பது நல்லது.

காட்டிலிருந்து வரும் குட்டியின் காதிலும் கழுத்திலும் உண்ணி, தெள்ளு இருக்கும். அவை கூண்டு முழுக்கப் பரவும். மனிதர்களுக்கு வரும் சில காய்ச்சல்களுக்கும் உண்ணிதான் வாகனம். வீட்டு முயல் பண்ணைகளில் ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி சாதாரணமாகவே இருக்கும். வளர்ந்த முயல் அதைத் தாங்கிக்கொள்ளும், குட்டி தாங்காது. தாய்ப்பால் கிடைக்காமல் துவண்ட காட்டுக் குட்டியை அந்த அழுக்குத் தரையில் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

வைரஸ் நோய்கள் இனம் தாண்டுவதை உலகம் பார்த்திருக்கிறது. முயல்களை ஒன்றிரண்டு நாளில் கொல்லும் ரத்தக்கசிவு நோய் 1984-ல் சீனாவில் முதலில் தெரியவந்தது. அப்போது அது ஐரோப்பிய முயல் இனத்தைத்தான் தாக்கியது. 2010-ல் பிரான்ஸில் அதன் இரண்டாவது வகை கண்டறியப்பட்டது. இது ஹேர் இனங்களையும் விட்டுவைக்கவில்லை. 2020-ல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வீட்டு முயல், காட்டு முயல், ஜாக்ராபிட் மூன்றும் இந்த நோயில் செத்து விழுந்தன. ஸ்பெயினில் 2018-ல் இன்னொன்று நடந்தது. அதுவரை பெரும்பாலும் ராபிட் இனத்தையே தாக்கிவந்த மிக்ஸோமா வைரஸ் உருமாறி, அந்த ஊர் ஹேர் முயல்களைக் கூட்டமாகக் கொன்றது.

கூண்டில் வளர்த்த காட்டு முயலை "பெருசாயிடுச்சு, காட்டுல விட்டுடலாம்" என்று சொல்லாமல் கொள்ளாமல் விடுவதில் இருக்கிற ஆபத்து இதுதான். வீட்டு முயலின் நோயை அது காட்டுக்குச் சுமந்து போகலாம்.

கையால் வளர்த்தால் காட்டு முயல் பழகவே பழகாதா?

பழகும், சில நேரம். 18-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1774-ல் மூன்று ஹேர் குட்டிகளை வளர்க்க ஆரம்பித்தார். மூன்றும் ஆண், பெயர்கள் மட்டும் பஸ், டைனி, பெஸ். அனுபவத்தைப் பத்து வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் எழுதினார். பஸ் அவர் மடியில் ஏறும் அளவுக்குப் பழகி, ஏறக்குறைய 12 வருடம் வாழ்ந்தது. அதே வீடு, அதே கை, அதே தீனி. டைனி மட்டும் கடைசி வரை முரண்டு பிடித்தது. கவனிக்க வேண்டிய விஷயம், மூன்றுக்கும் தூங்குவதற்குத் தனித்தனி அறை மாதிரி பெட்டி செய்து வைத்திருந்தார். ஒரே இனத்து மூன்று முயல்களுக்கே அவர் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது.

சமீபத்திய உதாரணம், குளோயி டால்டன் என்ற ஆங்கில எழுத்தாளர். கொரோனா ஊரடங்கு சமயத்தில், 2021-ல், கிராமத்து வீட்டருகே கிடைத்த ஹேர் குட்டியை வளர்த்தார். 2024-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் கூண்டில் அடைக்கவில்லை, கதவைத் திறந்தே வைத்தார். வளர்ந்த முயல் இஷ்டத்துக்கு வயலுக்குப் போய் வந்தது. இங்கிலாந்துச் சட்டம் வேறு, நம் ஊர்ச் சட்டம் வேறு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு முயல் வளர்க்க வனத்துறை அனுமதி தேவையில்லை. அது வளர்ப்பு விலங்கு. காட்டு முயல் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுடுவதும் கொல்வதும் மட்டும் இல்லை. பிடிப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டைதான். பொங்கல் சமயத்தில் முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் சிக்கி அபராதம் கட்டியவர்கள் செய்தி அடிக்கடி வருகிறதல்லவா, அதே சட்டம்தான் இதற்கும்.

"நான் வேட்டையாடல, பாவம்னு வளர்க்கறேன்" என்பவர்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இப்படிக் கையில் வந்த வன விலங்கு அரசின் சொத்து. கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். 2022-ல் வந்த திருத்தத்தில், பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 25 ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. சிறைத் தண்டனை 3 ஆண்டு வரை. "எங்க ஊர்ல எல்லாரும் வளர்க்கறாங்க" என்று, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மாதிரி வாதாடுவது ரேஞ்சர் முன்னால் எடுபடாது. குட்டியோடு ரீல்ஸ் போடுகிறவர்கள் ஆதாரத்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

எப்போது குட்டியை எடுத்தே ஆக வேண்டும்?

உடம்பில் நாய் அல்லது பூனை கடித்த காயம், புண்ணில் ஈ மொய்ப்பது, பக்கத்திலேயே தாய் செத்துக் கிடப்பது, தொட்டாலும் தலை தூக்காமல் சில்லிட்டுக் கிடப்பது. இந்த நிலையில் விட்டுவிட்டு வரக்கூடாது. பூனைக் கடி வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே கிருமி பரவிவிடும்.

காற்று போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, அடியில் பருத்தித் துணி, மேலே மூடி. இருட்டாக, சத்தமில்லாத அறையில் வையுங்கள். பால் வேண்டாம். மாவட்ட வன அலுவலகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதையும் செல்ஃபி எடுப்பதையும் தடுத்தால் போதும். குட்டி உங்களைக் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஏற்கெனவே கூண்டில் சேர்த்து விட்டிருந்தால்?

இன்றைக்கே பிரியுங்கள். பக்கத்துக் கூண்டும் சரிப்படாது. வீட்டு முயலைப் பார்த்துக்கொண்டும் முகர்ந்துகொண்டும் இருந்தாலே காட்டு முயல் மிரளும். தனி அறை, பக்கவாட்டில் துணி மறைப்பு, அடியில் வைக்கோல். தண்ணீர்க் கிண்ணத்தையும் தீவனத் தட்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. முதலில் வீட்டு முயலைக் கவனித்துவிட்டு, கை கழுவி, பிறகு காட்டு முயலிடம் போங்கள்.

புல் கொறிக்க ஆரம்பித்த குட்டி என்றால் பால் தேவைப்படுவது கொஞ்ச நாள்தான். ஹேர் குட்டிகள் சுமார் ஒரு மாதத்தில் பால் மறந்துவிடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லும்போது எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த வயலில் எடுத்தது, வீட்டு முயலோடு எத்தனை நாள் இருந்தது, என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காட்டில் விடலாமா, சிகிச்சை தேவையா என்று அவர்கள் முடிவு செய்வதற்கு அந்த விவரம்தான் வேண்டும்.

வீட்டு முயல்களை இரண்டு வாரம் கவனியுங்கள். காதுக்குள் உண்ணி இருக்கிறதா, புழுக்கை இளகிப் போகிறதா, திடீரென்று தீனியை ஒதுக்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவமனையில் புழுக்கை மாதிரியைக் கொடுத்தால் ரத்தக் கழிச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அந்த இரண்டு வாரம் முடியும்வரை கூண்டுக்குப் புது முயல் வாங்கிச் சேர்க்காதீர்கள், இருக்கும் முயலை வெளியே விற்காதீர்கள்.